பின்னாடியும் தெளிவா

ஸ்வர்ணலதா புதுப் பட்டுப்புடவை கட்டி, தறிக்கு முன்னால் ஓரமாக நின்றாள். பின்னால் மகன் பாலமுருகன் தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தான். புடவை விளம்பரத்துக்குத்தான் படம் என்று நினைத்தார் போட்டோகிராபர் அமல்ராஜ்.

"அபெர்ச்சரை, அதான் லென்ஸ் துவாரத்தை, அகலமா வெச்சு எடுக்கறேங்க. நீங்க மட்டும் பளிச்சுனு தெரிவீங்க, பின்னாடி எல்லாம் மங்கிடும்."

"ஐயோ, மங்கவே கூடாதுங்க! பின்னாடியும் தெளிவா விழணும்."

"அப்போ அபெர்ச்சரைச் சின்னதாக்கணும். வெளிச்சம் பத்தாது, ஜன்னலைத் திறங்க."

திறந்துவிட்டு வந்து நின்றவள், "பாலு, காபி வேணுமாடா?" என்றாள். அவன் சிரித்தபடி நிமிர்ந்தான். அமல்ராஜ் கிளிக் செய்தார்.

படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"என்னை வெட்டிட்டு அவனை மட்டும் போட்டுக் குடுங்க" என்று கிசுகிசுத்தாள். "பொண்ணு வீட்ல போட்டோ கேட்டுகினே இருக்காங்க. போட்டோன்னாலே இவன் எழுந்து ஓடிடறான்!"