சிவப்புப் பசி

துளசிமணியின் ஏழு வயது மகள் நறுமுகைக்கு ஈரலில் கட்டி. அதற்குள் ஏதோ ஒரு மரபணு கெட்டுப்போனதால், உடம்புக்குப் போகிற சர்க்கரையையெல்லாம் கட்டியே விழுங்கியது. ஆஸ்பத்திரியில் அவள் கையில் விளக்கு எரிகிற ஒரு பட்டை கட்டிவிட்டிருந்தார்கள். பச்சை எரிந்தால் பசி பிள்ளையுடையது, ஊட்டலாம். சிவப்பு எரிந்தால் பசி கட்டியுடையது, அழுதாலும் ஊட்டக் கூடாது.

நேற்றிலிருந்து சிவப்பு அணையவேயில்லை. நறுமுகை இப்போதெல்லாம் அழுவதுமில்லை. கையைத் தூக்கிப் பார்க்கவும் தெம்பில்லாமல் கேட்டாள்.

"அம்மா, இப்பப் பசிக்கறது எனக்கா, கட்டிக்கா?"

சிவந்து மின்னிய அந்தக் கையைத் துளசிமணி போர்வைக்குள் தள்ளினாள். அடுக்களைக்குப் போய்ப் பருப்புஞ்சோறு பிசைந்து எடுத்து வந்தாள்.

"உனக்குத்தான் சாமி," என்றாள். "ஆ காட்டு."