சேலா வந்த இடம்

வாதம் அடித்து வருஷக்கணக்காய்க் கிடக்கும் கணவனுக்குச் சபை உபதேசியார் வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசிக்க, ஞானப்பூ எப்போதும்போல அவன் மரத்த கால்களைத் துடைத்தபடியே கேட்டாள்.

"துதிப் பாட்டுக்கு நடுவுல 'சேலா'ன்னு வருதே, அப்படின்னா என்னய்யா?"

"எபிரெய பாஷை படிச்ச பெரிய பாதிரி ஐயர்மாருக்கே நிச்சயமாத் தெரியாதும்மா. அந்த எடத்துல பாட்டை நிறுத்திருவாவன்னு சொல்லுதாவ."

"நிறுத்திட்டு?"

"சும்மா இருப்பாவ."

அவர் மறுபடி வாசித்தார். சேலா வந்தது. ஞானப்பூ துணியை வாளியில் போட்டுவிட்டு, கட்டில் காலில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

உபதேசியார் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வசனத்துக்கு வாயெடுத்தார்.

கணவனின் சுவாதீனமுள்ள ஒற்றைக் கை கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து, வேண்டாமென்று அசைந்தது.