மேசைக்கு அந்தப் பக்கம்

"ஜீன் டெஸ்ட் ரிசல்ட் சரியில்லையே. உங்களுக்கு மருத்துவக் காப்பீடு தர முடியாது," என்றாள் இன்சூரன்ஸ் அதிகாரி.

எதிரே உட்கார்ந்திருந்த தையல் கடைக்காரி விடவில்லை.

"எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல மேடம்!"

"புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம்னு போட்டிருக்கே."

"வந்தா கடையை வித்துத்தானே வைத்தியம் பாக்கணும்? அந்தப் பயத்துலதான் வந்தேன். மழை வர்றாப்ல இருந்தா குடை கிடையாதுங்கறீங்க!"

"கம்பெனி ரூல். நான் என்ன பண்றது?"

"உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

"வேலைக்குச் சேர்ந்ததுமே ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுட்டாங்க."

"ஜீன் டெஸ்ட் எடுத்தாங்களா?"

"அதெல்லாம் கேக்கல." அதிகாரியின் குரல் இறங்கியது.

"கொடுத்துவச்ச மகராசி!"

தையல் கடைக்காரி சிரித்த சிரிப்பில், அன்றுதான் மாற்றலாகி வந்திருந்த மேனேஜர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் திகைத்தார்.

"இதுல நம்ம ஆபீசர் யாரும்மா?"

தையல் கடைக்காரி எழுந்து கும்பிட்டாள்.

"ஒரே கருவுல உருவான ரெட்டைப் பிள்ளைங்க சார் நாங்க. இன்சூரன்ஸ் கிடைச்சவ அக்கா, கிடைக்காதவ நான். மத்தபடி எங்களுக்குள்ள ஒரு வித்தியாசமும் இல்ல!"