எந்தக் கலர் நூல்?

மாமியாரின் போன் இப்போது அடிக்கவே கூடாது. மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டு, படப்பை ஃபேன்சி ஸ்டோரில் நூல்கண்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள் கலைமதி. ஐந்து மாத வயிறு கண்ணாடி மேசையில் இடித்தது.

"குழந்தைக்குக் குரோஷா தொப்பியா? கம்பளி வேணாம்மா, நம்ம வெயிலுக்கு வேர்க்குரு வந்துடும். காட்டன் எடுங்க" என்றார் கடைக்காரர்.

"அப்போ இந்த மஞ்சள் குடுங்கண்ணே."

"மஞ்சள் இன்னாத்துக்கு?" என்றாள் மாமியார் சரோஜா. "நீலமா, ரோஸான்னு அந்தப் பொண்ணு போன்ல சொல்லட்டும்."

"அவங்கதான் பின்னப் போறாங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஆமா, ஆமா."

போன் அடித்தது. சரோஜா வாசலுக்குப் போய்ப் பேசினாள். கலைமதியின் உள்ளங்கை வியர்வையில் மஞ்சள் கண்டு ஈரமானது.

சரோஜா திரும்பி வந்தாள். "ரோஸாம்."

கடைக்காரர் ரோஸ் கண்டை எடுத்து வைத்தார். அதைத் தள்ளிவிட்டு, சரோஜா மருமகளின் காதருகே குனிந்தாள்.

"ஸ்கேன் எடுத்த பொண்ணு, குழந்தை ஆணா பொண்ணான்னு வாயத் தொறந்து சொன்னா ஜெயிலு. அதான் கலர் சொல்லுது. மூத்தது ஒண்ணு பொண்ணு கீதே, போதாதா? நாளைக்கு ஷிப்டுக்கு லீவு சொல்லிடு. ஒரு டாக்டரம்மாகிட்ட பேசி வெச்சிருக்கேன். போய்ட்டு வந்துடலாம்."

கலைமதி ரோஸ் கண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போறேன் அத்தை" என்றாள். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "இதுலயே இன்னொரு கண்டு குடுங்கண்ணே. சட்டையும் பின்னணும்."