மிளகு வாசம்

பியூலா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு சிவப்பு வைன் பாட்டில் நின்றது. மூன்று விதத் திராட்சைகளைக் கலந்து செய்த வைன். ஒன்று நாவல்பழ ருசியைக் கொடுத்தது, ஒன்று மிளகு வாசத்தை, இன்னொன்று லேசான புகை மணத்தை.

"ஆட்டுக்கறியோட சேரணும்னுதான் என்னைக் கலந்தாங்க," என்று பக்கத்திலிருந்த பீங்கான் தட்டிடம் அது அடிக்கடி சொல்லும். தட்டும் விருந்துக்காகக் காத்துக் கிடந்ததுதான்.

ஞாயிறுதோறும் அடுப்படியிலிருந்து கறி வாசம் வரும். வைன் கார்க் வரைக்கும் ஏங்கும். பியூலாவோ, "நல்ல நாள் வரட்டும்," என்று தூசியை மட்டும் துடைத்துவிட்டுப் போவாள்.

பல வருஷம் கழித்து மகளுக்குக் கல்யாணமாகி, மருமகன் மறுவீட்டு விருந்துக்கு வந்தான். பாட்டிலைத் திறந்து ருசி பார்த்த பியூலா முகத்தைச் சுளித்தாள்.

"புளிச்சுப் போச்சு. கொட்ட வேணாம், கறி ஊறவைக்க ஆகும்."

மத்தியானம் தட்டில் கறி வந்து விழுந்தது.

"வந்துட்டியா?" என்றது தட்டு. "மிளகு வாசம் ஆளைத் தூக்குதே, நீதானே அது?"

கறியில் ஊறிப்போயிருந்த வைன் அந்த வாசத்தை மோந்து பார்த்தது.

"இல்ல," என்றது. "அது கறிக்கு அரைச்ச மிளகு."