வாந்தி வராதவள்

ரூபன் மூன்றாவது வாந்திப் பையையும் நிரப்பிவிட்டு, வெளிறிய முகத்தோடு சுவரோரம் சுருண்டு கிடந்தான்.

அடுத்துச் சுழல் நாற்காலியில் ஏறிய தினேஸ்வரிக்கோ ஒன்றுமே ஆகவில்லை. இருபது நிமிடம் சுற்றிவிட்டு, ஏதோ சலூனில் முடி வெட்டிக்கொண்டவள் மாதிரி இறங்கினாள். டாக்டர் சிவநேசன் சிரிக்கவில்லை. மறுபடியும் ஏறச் சொன்னார்.

ஈப்போவில் நடந்த இறுதித் தேர்வு அது. மிஞ்சியவர்கள் இவர்கள் இருவர்தான். உடம்பின் சமநிலையை ஆராயும் விமானம் ஏறி ஏறிச் சரியும். ஒவ்வொரு சரிவிலும் இருபது நொடி உடம்புக்கு எடையே இருக்காது. அதில் இருப்பது ஒரே ஓர் இடம். எட்டு வருடமாக தினேஸ்வரி ஏங்கிக் கிடந்த இடம்.

"அந்த நேரத்துல உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்ணு ஒன்னு சொல்லும், உள்காது வேற ஒன்னு சொல்லும். அந்தச் சண்டைதான் வாந்தி" என்று டாக்டர் காலையிலேயே விளக்கியிருந்தார்.

இரண்டாவது சுற்றிலும் அவளுக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை. டாக்டரின் பேனா எழுதாமல் நின்றது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"ஏதாச்சும் தப்பா டாக்டர்?"

துணைக்கு வந்திருந்த அம்மா மாரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னா தப்பு? கேமரன் மலைக்குப் போனா பஸ்ஸே வாந்தி எடுக்கும். இவ மட்டும் நாசி லெமாக் தின்னுக்கிட்டு வருவா. பத்து வயசுல விஷக்காய்ச்சல், மாசம் பூரா ஊசி. ஆத்தாதான் காப்பாத்துனா. அதுலேருந்து கோயில்ல கண்ணை மூடுனா போதும், இவ மேல எறங்கிருவா. எங்க ஊரு சுங்காய்ல யாரை வேணாலும் கேளுங்க லா."

"மாசம் பூரா ஊசியா?" டாக்டர் சட்டென்று எழுந்து வந்தார். "காலைச் சேத்து வெச்சு நில்லுங்க. இப்ப கண்ணை மூடுங்க."

தினேஸ்வரி மூடினாள். காலுக்குக் கீழே தரை எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்தவளை டாக்டர் தாங்கிப் பிடித்தார்.

மாரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா டாக்டர். இங்கயே வந்து உத்தரவு குடுத்துட்டா."

டாக்டர் தினேஸ்வரியை நாற்காலியில் உட்கார வைத்தார். பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்துவிட்டு, ரூபன் பெயருக்கு நேரே குறி போட்டார்.

தினேஸ்வரி பட்டியலை எட்டிப் பார்த்தாள். "ஏன் டாக்டர்? நான் ஒரு தடவகூட வாந்தி எடுக்கலையே."

"வாந்தி எடுக்கணும்னா, காதுக்குள்ள உயிர் இருக்கணும்மா."