முதல் பந்தியில் மருமகள்

"எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு, மாமனாருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் புது மருமகள்.

சாப்பாட்டு மேசையில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

மேசையைச் சுற்றி ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் கரண்டியும் பாத்திரமுமாகப் பெண்கள். அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் இப்படித்தான். ஆண்கள் சாப்பிட்டு, அரசியல் பேசி, ஏப்பம் விட்டு எழுந்த பிறகு, ஆறினதும் மிஞ்சினதும் பெண்களுக்கு. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

அன்றைக்கு மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு விருந்து. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கல்யாணமாகிச் சில மாதமே ஆன பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் என்ன பெயர் கிடைக்கிறதோ, அதுதான் கடைசிவரைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

"ஏம்மா, இடம் மாறி உட்கார்ந்துட்டியா?" என்றார் பெரியம்மா. மாமனாருடைய அண்ணன் மனைவி. பிள்ளைகளுக்குப் பெரியம்மா, மற்றவர்களுக்கு நீதிபதி.

"இல்லை பெரியம்மா. காலியா இருந்துச்சு, உட்கார்ந்தேன்."

"ஆம்பளைங்க சாப்பிட்டு எழுந்திரிக்கட்டும். அப்புறம்தான் நாம."

"பசி என்ன, ஆம்பளையா பொம்பளையான்னு பார்த்துட்டா வருது?"

எதிரில் உட்கார்ந்திருந்த கணவன் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான்.

"என் காலை எதுக்குங்க மிதிக்கிறீங்க?" என்று சத்தமாகவே கேட்டாள். அவனுக்குப் புரையேறியது.

சோற்றுப் பாத்திரத்தோடு ஓடி வந்தார் மாமியார். அதிர்ந்து பேசாத மனுஷி. விருந்து நாளில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"எழுந்திரும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும் அத்தை. தனியாச் சாப்பிட்டா எனக்கு இறங்காது. நீங்களும் பக்கத்துல உட்காருங்க."

"நானா!"

"நீங்க உட்கார்ற வரைக்கும் நான் விட மாட்டேன்."

மாமியார் கணவர் முகத்தைப் பார்த்தார். கணவர் தன் தட்டைப் பார்த்தார்.

"இப்படி அடம் பிடிச்சா நான் என்னதான் பண்ணுவேன்" என்று முனகிக்கொண்டே மாமியார் நாற்காலியின் ஓரத்தில் ஒண்டினார். மருமகள் அவருக்கு ஒரு தட்டை நகர்த்தினாள். சோற்றில் இன்னும் ஆவி பறந்தது.

"அப்போ பரிமாறுறது யாரு?" கணவனின் சித்தப்பாவுக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது.

"கை இருக்கிறவங்க எல்லாரும்தான் மாமா. பாத்திரம் உங்க பக்கத்துலதானே இருக்கு?"

சித்தப்பா கரண்டியை ஏதோ புது மிஷினைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மெதுவாக எடுத்தார்.

சுவரோரமாக நின்றிருந்த நாத்தனார் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். யார் தலையிலும் இடி விழவில்லை.

பெரியம்மா மட்டும் அசையவில்லை.

"வெட்கம் கெட்ட ஜென்மம்! வயித்தைக் கட்டத் தெரியாததையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா இந்தக் கதிதான். அவளைச் சொல்லி என்ன, வளர்த்தவங்களைச் சொல்லணும்."

வளர்த்தவர்களை இழுத்ததும் மருமகளின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க பெரியம்மா. சாப்பாடு ஆறுது, நீங்களும் வந்து உட்காருங்க."

"அந்தச் சோறு எனக்கு வேண்டாம்" என்று பெரியம்மா விறுவிறுவென்று முன்னறைக்குப் போய்விட்டார்.

விருந்தாளிகள் கிளம்பியதும் கணவன் சமையலறைக்குள் நுழைந்தான். மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மானத்தை வாங்கிட்டியே! கொஞ்ச நேரம் பசி பொறுக்கக் கூடாதா? இனி எங்கே போனாலும் சாப்பாட்டுக்கு அலையறவள்னுதான் உன்னைச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அடுத்த விருந்துலயும் உட்காருவேன்" என்றாள் அவள், திரும்பாமலே.

"அம்மா! நீயாவது இவளுக்குப் புத்தி சொல்லும்மா."

மாமியார் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து, ஒரு விருந்துலயாவது எல்லாரோடயும் உட்கார்ந்து சூடாச் சாப்பிடணும்னு எனக்கு ஆசைடா. தைரியம் வந்ததே இல்லை. போன வாரம் இவகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். 'நான் முதல்ல உட்கார்றேன் அத்தை, திட்டெல்லாம் எனக்கு வரட்டும். நீங்க வேற வழியில்லாம உட்கார்ற மாதிரி உட்காருங்க'ன்னா."

மகன் மனைவியின் முதுகைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"அப்போ... பசிக்குதுன்னு சொன்னது?"

"பசியா? அவ்வளவு திட்டையும் வெறும் வயித்தோட வாங்க வேண்டாமேன்னு, ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே அவளை உட்கார வெச்சு, தட்டு நிறையப் போட்டுக் கொடுத்ததே நான்தான்டா!"